பத்துக்கு எத்தனை

உலகத்தில் எந்தக் கேள்வியைக் கேட்டாலும் பெயிண்டரிடம் ஒரே பதில்தான் இருந்தது. சாப்பாடு எப்படி என்று கேட்டால் பரவாயில்லை. மழையில் தொப்பலாக நனைந்து வந்தவரிடம் துண்டு எடுத்துத் தரட்டுமா என்றால் பரவாயில்லை. பஸ்ஸில் காலை நசுக்கியவன் திரும்பிப் பார்த்து மன்னிப்புக் கேட்பதற்கு முன்பே இவர் முந்திக்கொண்டு பரவாயில்லை என்பார். கல்யாணமான புதிதில் அவர் மனைவி அதைத் தங்கமான குணம் என்று நினைத்தாள். போகப் போகத்தான் தெரிந்தது, அது குணமில்லை, குடைச்சல். கல்லைத் தட்டினாலும் ஒரு சத்தம் வரும், இந்த மனுஷனிடம் வராது.

அவள் வேலை அதற்கு நேர் எதிர். பிஸ்கட் கம்பெனியில் பாக்கிங் பிரிவுக்கு அவள்தான் சூப்பர்வைசர். தெருவிலும் அவளுக்கு அதுதான் பெயர். வெள்ளைத் தொப்பியை மாட்டிக்கொண்டு, பிஸ்கட் பாக்கெட்டுகளைச் சுமந்து ஓடுகிற பட்டையின் ஓரமாக நாள் முழுக்க நடந்துகொண்டே இருப்பாள். எத்தனை பெட்டி முடிந்தது என்று கேட்டால் எண்ணிக்கை வரும். எத்தனை உடைந்தது என்று கேட்டால் அதுவும் வரும். 'பரவாயில்ல மேடம்' என்று எவளாவது சொல்லிப் பார்க்கட்டும், அன்றைக்கு அவள் தொலைந்தாள். அப்படிப்பட்ட சூப்பர்வைசர், வீட்டுக்கு வந்தால் எண்ணிக்கையே இல்லாத ஆளோடு குடித்தனம் நடத்த வேண்டியிருந்தது.

பெயிண்டர் சீலிங் வேலையில் பேர் போனவர். சுவர் அடிக்க ஆள் கிடைக்கும். அண்ணாந்து அடிக்கிற வேலை என்றால் ஆளாளுக்கு ஒரு சாக்கு இருக்கும். இவர்தான் பரவாயில்லை என்பாரே, அதனால் எந்தக் கட்டடத்திலும் சீலிங் இவர் தலையில்தான் விழுந்தது. தலையில் துணியைக் கட்டிக்கொண்டு, கழுத்தைப் பின்னால் மடித்து, கண்ணில் சொட்டு விழாமல் இமையைச் சுருக்கிக்கொண்டு, சுரண்டுவது, பட்டி பார்ப்பது, உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பது, பிரைமர் அடிப்பது, அதன்மேல் இரண்டு கோட்டு பெயிண்ட் அடிப்பது என்று வருஷக்கணக்கில் மேலே பார்த்தே உழைத்த கழுத்து, மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் இனி மாட்டேன் என்று சொல்லிவிட்டது. பின்மண்டையில் ஆரம்பித்துத் தோள்பட்டை வரை ஒரு வலி வந்து உட்கார்ந்தது. வந்த விருந்தாளி போவதாக இல்லை.

அதற்குப் பிறகு யாராவது கூப்பிட்டால் கழுத்து திரும்பாது, முழு ஆளும் திரும்புவார். தலையில் தண்ணீர்க் குடம் இருக்கிறவர் மாதிரி நடப்பார். மேஸ்திரி அவரைச் சீலிங்கிலிருந்து சுவருக்கு இறக்கினார், சுவரிலிருந்து கதவுக்கு, கதவிலிருந்து ஜன்னல் கம்பிக்கு. கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதைதான். ராத்திரி படுத்தால் தூக்கம் வராமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருப்பார். அவள் விழித்துக்கொண்டு, "ரொம்ப வலிக்குதா?" என்பாள். "பரவாயில்ல, நீ தூங்கு" என்பார். பரவாயில்லை என்றால் ஏன் உட்கார்ந்திருக்க வேண்டும்? வலிக்கிறது என்றால் ஏன் சொல்லக் கூடாது? இந்த இரண்டு கேள்விக்கும் நடுவில் அவளுக்கும் தூக்கம் போய்விடும். காலையில் கம்பெனியில் கொட்டாவி விட்டுக்கொண்டு நிற்பாள்.

தைலம், வெந்நீர்ப் பை, கழுத்துப் பட்டை, கழுத்தைப் பிடித்து இழுக்கிற பயிற்சி, வயிற்றைப் புண்ணாக்கிய மாத்திரைகள் என்று எல்லாம் பார்த்தாகிவிட்டது. கடைசியில் வலிக்கென்றே தனியாக ஒரு டாக்டர் இருக்கிறார் என்று கேள்விப்பட்டுப் புருஷனை அங்கே இழுத்துக்கொண்டு போனாள். டாக்டர் சின்ன வயசுக்காரர், பொறுமைசாலி. மேஜையில் பிளாஸ்டிக்கில் ஒரு கழுத்தெலும்பை வைத்திருந்தார். அதைத் திருப்பிக் காட்டி, "இந்தக் கீல்கள்லதான் தேய்மானம். வலிக்குதுன்னு மூளைக்குப் போய்ச் சொல்றது பக்கத்துல ஓடுற இந்தச் சின்ன நரம்பு. இதை ஊசி போட்டு மரக்க வச்சுப் பாப்போம். இது வைத்தியம் இல்ல, சோதனை. மருந்து சாயங்காலம் வரைக்கும்தான் தாங்கும். அதுக்குள்ள வலி போச்சுன்னா ஆள் அகப்பட்டான்னு அர்த்தம். அப்புறம் ஒருநாள் அதே நரம்பைச் சூடு வச்சு அடக்கிடலாம், ரொம்ப நாளைக்கு நிம்மதியா இருக்கலாம். வலி போகலன்னா இந்த வழி உங்களுக்கு இல்ல" என்றார்.

"வேற வழி?" என்று கேட்டாள் சூப்பர்வைசர்.

"இப்ப எடுக்கிற மாத்திரைதான்."

அந்த மாத்திரைகளைப் பற்றி அவளுக்குத் தெரியும். அதை விழுங்கிவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தவரை அள்ளிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியவள் அவள்தான்.

டாக்டர் பெயிண்டர் பக்கம் திரும்பினார். "ஐயா, வலியே இல்லன்னா பூஜ்யம். உயிர் போற வலின்னா பத்து. உங்க வலி பத்துக்கு எத்தனை?"

"பரவாயில்ல டாக்டர்."

"அது நம்பர் இல்லையே ஐயா."

பெயிண்டர் யோசித்தார். யாருக்கோ உபகாரம் செய்வதுபோல, "ஒரு நாலு போட்டுக்குங்க" என்றார்.

"நாலுக்கெல்லாம் கழுத்துல ஊசி போட மாட்டோம்."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஏழு போடுங்க டாக்டர். நான் சொல்றேன், ஏழு."

"வலி அவருக்கா, உங்களுக்கா அம்மா?"

"வலி அவருக்கு, தலைவலி எனக்கு."

டாக்டர் சிரித்துவிட்டு ஏழு என்று போட்டுக்கொண்டார். கொஞ்சம் கூட்டித்தான் சொல்லிவிட்டோமோ என்று வெளியே வந்த பிறகு அவளுக்கு உறுத்தியது. வேலை நடக்க வேண்டுமென்றால் ஒன்றிரண்டு கூட்டிச் சொன்னால் தப்பில்லை என்று தேற்றிக்கொண்டாள்.

ஊசிக்குக் குறித்த முதல் நாள் வீணாய்ப் போனது. காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் கூடக் குடிக்கக் கூடாது என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்கள். அவர் வண்டி பிடிக்கப் போன இடத்தில் மேஸ்திரி பார்த்து, "வாய்யா, ஒரு டீ குடிச்சிட்டுப் போ" என்று கூப்பிட, இந்த மகானுபாவர் போய்க் குடித்துவிட்டு வந்தார். நர்ஸ் கேட்டதும், "அரை டம்ளர்தான், பரவாயில்ல" என்றார். நர்ஸுக்குப் பரவாயிருந்தது. திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் சூப்பர்வைசர் திட்டினாள். "ஒரு மனுஷன் டீ வேணாம்னு சொன்னா மேஸ்திரி என்ன, தூக்குலயா போடுவாரு?"

"ஆசையாக் கூப்பிட்டாரு."

"நான் மூணு வருஷமாக் கூப்பிடறேன், எனக்கு என்னைக்காவது வாயத் திறந்தீங்களா?"

இரண்டாவது தடவைக்கு அவள் காவல் போட்டாள். முந்தைய நாளே வலி மாத்திரையை நிறுத்தியாக வேண்டும், இல்லாவிட்டால் வலி போனது ஊசியாலா மாத்திரையாலா என்று தெரியாது. மாத்திரை டப்பாவைத் தூக்கித் தன் அலமாரியில் வைத்துப் பூட்டினாள். ஒத்தாசைக்கு என்று அன்றைக்குச் சாயங்காலமே அவருடைய அக்கா பையோடு வந்து இறங்கினாள். நாத்தனார் ஒரு மாணவர் விடுதியில் காலமெல்லாம் சமைத்தவள். நூறு பேரை மிரட்டிச் சாப்பிட வைத்த குரல் அது, வீட்டுக்குள்ளும் தணியாது.

"கழுத்துல போய் யாராவது ஊசி போடுவாங்களா? எங்க விடுதிக் காவல்காரனோட மச்சான் இப்படித்தான் எங்கயோ போட்டுக்கிட்டான். கை வெளங்காமப் போச்சு" என்றாள் செருப்பைக் கழற்றும்போதே.

"அவருக்கு எங்க போட்டாங்க அண்ணி?"

"இடுப்புலயோ எங்கயோ. எங்க போட்டா என்ன, ஊசி ஊசிதானே?"

"அக்கா, பரவாயில்லக்கா" என்றார் பெயிண்டர்.

"நீ சும்மா இருடா. உனக்கு ஒண்ணும் தெரியாது."

மாத்திரை இல்லாத அந்த ராத்திரி எப்படிப் போனது என்று சொல்லத் தேவையில்லை. விடியற்காலையில் சூப்பர்வைசர் அடுப்பையே பற்றவைக்கவில்லை. டீ வாசனை வந்தால் அவர் மனசு தளரும் என்று தானும் குடிக்கவில்லை, நாத்தனாரையும் குடிக்க விடவில்லை. டீ இல்லாத நாத்தனார் எப்படியிருப்பாள் என்பதையும் சொல்லத் தேவையில்லை. இதற்கு நடுவில் மேஸ்திரி வாசலில் வந்து நின்றார்.

"தங்கச்சி, டீயெல்லாம் வாங்கித் தர வரல, பயப்படாத. ஒரு பெரிய மண்டபம் வேலைக்கு வருது. ஏகப்பட்ட சீலிங். இவரு கை வச்சா எனக்கு நிம்மதி. ஆனா எத்தனை நாளைக்கு நானும் ஜன்னல் கம்பி தேடித் தேடிக் குடுக்க முடியும், சொல்லு? இந்த ஊசி கேட்டுச்சுன்னா இவரு. இல்லன்னா வேற ஆளைப் பாத்துக்க வேண்டியதுதான். தப்பா நினைக்காத."

அவர் சொன்னதில் தப்பாக நினைக்க ஒன்றுமில்லை என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் கோபம் வந்தது.

ஆஸ்பத்திரியில் உட்கார்ந்து உட்கார்ந்து பெஞ்சு தேய்ந்ததுதான் மிச்சம். முதுகுப் பக்கம் முடிச்சுப் போடுகிற பச்சை அங்கியை மாட்டிவிட்டு அவரை உள்ளே கூட்டிப் போனார்கள். அவருடைய சட்டையையும் செருப்பையும் மடியில் வைத்துக்கொண்டு அவள் வெளியே இருந்தாள். சட்டையில் பெயிண்டில் கலக்கிற டர்ப்பன்டைன் வாசனை. எத்தனை தடவை துவைத்தாலும் போகாத அந்த வாசனைக்கு அவளும் பழகிப்போயிருந்தாள். கதவு திறக்கும்போதெல்லாம் எழுந்து நின்றாள். நாத்தனார் சொன்ன காவல்காரனின் மச்சான், முகம் தெரியாத மனுஷன், நினைவில் வந்து கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றான்.

சக்கர நாற்காலியில் அவர் வெளியே வந்தார். பின்கழுத்தில் இரண்டு பக்கமும் சின்னச் சின்னப் பிளாஸ்திரி. கை இரண்டும் நன்றாகத்தான் அசைந்தன.

"இன்னைக்கு வண்டி ஓட்டக் கூடாது. ஏணி ஏறக் கூடாது. குளிக்கிறதெல்லாம் நாளைக்கு" என்றாள் நர்ஸ். "மத்ததெல்லாம் டாக்டர் உள்ளயே ஐயாகிட்ட விவரமாச் சொல்லிட்டாரு. சாயங்காலம் நான் போன் பண்ணிக் கேப்பேன்."

வாடகைக் காரில் ஏறியதும் அவள் கேட்டாள். "டாக்டர் என்ன சொன்னாரு?"

"எல்லாம் நல்லபடியா முடிஞ்சிடுச்சாம்."

"வேற?"

"வேற... வீட்டுக்குப் போய்ச் சொல்றேன்" என்று கண்ணை மூடிக்கொண்டார். ராத்திரி தூங்காத மனுஷன், போகட்டும் என்று அவளும் விட்டுவிட்டாள். விட்டது எவ்வளவு பெரிய தப்பு என்று அப்போது அவளுக்குத் தெரியவில்லை.

வீட்டில் நாத்தனார் கட்டிலைத் தயார் செய்திருந்தாள். தலைக்கு ஒன்று, இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று வீட்டிலிருந்த எல்லாத் தலையணையையும் அடுக்கியிருந்தாள். ஜன்னலுக்குப் போர்வையைத் தொங்கவிட்டு அறையை இருட்டாக்கியிருந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவன் நிற்கக் கூடாது என்பது அந்தக் குடும்பத்தில் எழுதப்படாத சட்டம். பல் பிடுங்கிவிட்டு வந்தாலும் படுத்தாக வேண்டும். அந்தச் சட்டத்தில் மட்டும் சூப்பர்வைசருக்கும் நாத்தனாருக்கும் கருத்து வேற்றுமை கிடையாது. ஆளுக்கொரு பக்கம் பிடித்து அவரைப் படுக்க வைத்தார்கள்.

"நான் கொஞ்சம் எழுந்து..." என்றார் பெயிண்டர்.

"பாத்ரூமா?"

"இல்ல. சும்மா."

"சும்மான்னா படுங்க."

கஞ்சி வந்தது. அவர் உட்கார்ந்து குடிக்கிறேன் என்றார். நாத்தனார் ஸ்பூனால் ஊட்டினாள். ஒரு வாய்க்கும் அடுத்த வாய்க்கும் நடுவில் அவர், "அக்கா, டாக்டர் வந்து..." என்று ஆரம்பித்தார்.

"டாக்டர் பேச்சையெல்லாம் நாங்க பாத்துக்கறோம். நீ வாயத் திற."

அடுத்த வீட்டுக்காரி ரொட்டியும் பழமும் கொண்டுவந்து பார்த்தாள். எதிர்வீட்டு டிரைவர் பார்த்தார். கழுத்தை அசைக்காதே, அசைக்காதே என்று ஆளுக்கொரு தடவை சொல்லிவிட்டுப் போனார்கள். அவர் இரண்டு தலையணைக்கு நடுவில் மல்லாந்து கிடந்தார். ஒருமுறை சூப்பர்வைசரின் கையைப் பிடித்து, "ஏய், நான் சொல்றத..." என்றார். அவள் அந்தக் கையைப் போர்வைக்குள் வைத்து மூடினாள். "பேசாதீங்க. பேசினா நரம்பு இழுக்கும்" என்றாள். யாரும் அவளுக்கு அப்படிச் சொல்லிக் கொடுக்கவில்லை. அவளாகக் கண்டுபிடித்த வைத்தியம் அது. அவர் பெருமூச்சு விட்டு, "பரவாயில்ல" என்று கண்ணை மூடினார். தூங்கியும் போனார்.

மூன்று வருஷத்தில் முதல்முறையாகப் பகலில் அவர் குறட்டை விட்டுத் தூங்குவதைப் பார்த்து அவளுக்கு மனசு நிறைந்துவிட்டது. நாத்தனாருக்குத் தன் கையாலேயே டீ போட்டுக் கொடுத்தாள். இருவரும் சமையலறையில் உட்கார்ந்து அதிசயமாகச் சண்டையில்லாமல் பேசிக்கொண்டிருந்தார்கள். வெயில் சாயும் நேரத்தில் போன் அடித்தது.

"ஐயா எப்படி இருக்காரு அம்மா?"

"நல்லா இருக்காரு சிஸ்டர். நீங்க கவலையேபட வேணாம். வந்ததுலேருந்து ஒரு இஞ்ச் அசைய விடல."

அந்தப் பக்கம் நர்ஸ் குரலை உயர்த்தினாள்.

"அசைய விடலயா?"

"விடலயே. படுக்கையிலயேதான் வச்சிருக்கோம். கஞ்சி கூட நாங்களே ஊட்டிட்டோம்."

"ஐயோ அம்மா! யார் படுக்க வைக்கச் சொன்னது? எந்த வேலை செஞ்சா வலிக்குமோ அந்த வேலையச் செஞ்சு பாருங்கன்னு டாக்டர் அவ்வளவு தெளிவாச் சொன்னாரே. படுத்துக் கிடந்தா எல்லாருக்கும்தான் வலிக்காது. ஊசி கேட்டுச்சா இல்லையான்னு எப்படித் தெரியும்?"

"இப்ப என்ன சிஸ்டர் பண்றது?"

"மருந்தோட வேகம் இறங்கிட்டே இருக்கும். இன்னும் கொஞ்ச நேரம் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். எழுப்புங்க. ஏணி மட்டும் வேணாம். தரையில நின்னு அண்ணாந்து பாக்கட்டும், கையத் தூக்கட்டும், எது வலிக்குமோ அதைச் செய்யட்டும். நான் திரும்பக் கூப்பிடறேன். ஒண்ணும் தெரியலன்னா டாக்டர் அடுத்ததுக்குப் போக மாட்டாரு அம்மா."

போனை வைத்தவள் கட்டிலைப் பார்த்து ஓடினாள். போர்வையை உருவினாள். தலையணைகள் நாலு பக்கமும் பறந்தன.

"எழுந்திருங்க! எழுந்திருங்கங்கறேன்!"

"என்னாச்சு?"

"டாக்டர் வேலை செய்யச் சொன்னாராமே?"

பெயிண்டர் எழுந்து உட்கார்ந்து கண்ணைக் கசக்கினார். "ஆமா. அதைத்தானே அப்பலேருந்து சொல்ல வந்தேன்."

"வந்தீங்க. சொன்னீங்களா?"

"நீங்க ரெண்டு பேரும் அவ்வளவு ஆசையாப் பாத்துக்கிட்டீங்க. அதான் பரவாயில்லன்னு..."

தலையில் அடித்துக்கொள்வதா, அவர் தலையில் அடிப்பதா என்று அவளுக்கு ஒரு கணம் தெரியவில்லை. ஊசி போட்ட தலை என்பதால் தன் தலையிலேயே அடித்துக்கொண்டாள்.

நாத்தனார் குறுக்கே வந்து நின்றாள். "நல்லாத் தூங்கற ஆளை எழுப்பி வேலை செய்யச் சொல்றியே, நீ பொம்பளையா? கழுத்துல ஊசி போட்டுக்கிட்டவன்மா அவன்!"

"அண்ணி, தயவுசெஞ்சு நகருங்க. இன்னைக்குத் தெரியலன்னா என்னைக்கும் இல்ல. மறுபடி அந்த மாத்திரைதான். ஆயுசுக்கும் சுவத்துல சாஞ்சு உக்காந்திருக்கட்டுமா உங்க தம்பி?"

நாத்தனார் நகர்ந்தாள். ராத்திரி அவர் சுவரில் சாய்ந்திருந்ததை அவளும்தான் பார்த்திருந்தாள்.

அண்ணாந்து செய்கிற வேலை எங்கே இருக்கிறது என்று தேட வேண்டியதில்லை. சமையலறைச் சீலிங் புகை பிடித்துக் கன்னங்கரேலென்று இருந்தது. கட்டிலுக்கு அடியில் மீந்துபோன வெள்ளை பெயிண்ட் ஒரு பக்கெட்டும், நீளக் கம்பு மாட்டிய ரோலரும் கிடந்தன. சுரண்டவில்லை, தேய்க்கவில்லை, இப்படியே அடித்தால் நிற்காது என்று பெயிண்டர் முணுமுணுத்தார். "நிக்க வேணாம், நீங்க நின்னாப் போதும்" என்று அவள் அவரைத் தள்ளிக்கொண்டு போனாள். நாத்தனார் பாத்திரங்களை வாரி வெளியே வைத்தாள், மீதியைப் பழைய பேப்பரால் மூடினாள். வாய் மட்டும் நிற்கவில்லை. "ஊர்ல எந்த வீட்டுலயாவது இந்தக் கூத்து நடக்குமா? நோயாளியக் கொண்டுவந்து வெள்ளையடிக்க விடறாங்க."

பெயிண்டர் மூடியைத் திறந்து குச்சியால் கலக்கினார். தண்ணீர் விட்டார், மறுபடி கலக்கினார். அவசரம் என்பது அவர் ரத்தத்திலேயே கிடையாது. ரோலரை நனைத்து, ஓரத்தில் உருட்டிப் பிழிந்து, கம்பை நிமிர்த்தினார். பிறகு தலையைத் தூக்கினார்.

தலை பின்னால் போனது. பாதியில் நிற்கவில்லை. ஒரு பக்கம் சாயவில்லை. சீலிங்கை நேருக்கு நேர் பார்க்கிற அளவுக்குப் போய் நின்றது. சூப்பர்வைசர் மூச்சை அடக்கிக்கொண்டு அவர் முகத்தையே பார்த்தாள். அதில் ஒன்றும் தெரியவில்லை. எப்போது தெரிந்தது, இப்போது தெரிய?

ரோலர் கறுப்பில் ஒரு வெள்ளைப் பட்டை போட்டது. பக்கத்தில் இன்னொன்று, முதல் பட்டையின் ஓரத்தைத் தொட்டுக்கொண்டு. அவர் பின்னால் நகர்ந்து நகர்ந்து அடித்தார். தோள் ஏறி இறங்கியது, கழுத்து அதோடு சேர்ந்து இப்படியும் அப்படியும் திரும்பியது. கழுத்து திரும்புவது அவ்வளவு அழகான விஷயம் என்று அவளுக்கு அதுவரை தெரியாது.

"எப்படி இருக்கு?" என்றாள்.

"பரவாயில்ல."

அவ்வளவுதான். மூன்று வருஷமாகக் கட்டி வைத்திருந்தது அவிழ்ந்துகொண்டது.

"பரவாயில்லன்னா என்ன அர்த்தம்? வலிக்குதா, இல்லையா? இந்த ஒரு கேள்விக்காவது பதில் சொல்லித் தொலைங்களேன்! நேத்தும் பரவாயில்ல, இன்னைக்கும் பரவாயில்லன்னா இந்த ஊசி எதுக்கு? நான் லீவு போட்டது எதுக்கு? அந்த சிஸ்டர் கூப்பிட்டா நான் என்னன்னு சொல்ல? உங்க கழுத்துக்குள்ள வந்து நானா பாக்க முடியும்? பச்சைக் குழந்தைக்குக் கூட அழத் தெரியுது. உங்களுக்கு அது கூடவா தெரியல?"

ரோலரிலிருந்து அவர் தோளில் ஒரு சொட்டு விழுந்தது. அவர் திகைத்து நின்றார்.

"எனக்கு எப்படிச் சொல்றதுன்னு தெரியலம்மா" என்றார். நிஜமாகவே தெரியாத குரல். மறுபடி அண்ணாந்து வேலையைத் தொடர்ந்தார்.

அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்று நாத்தனார் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சின்ன வயசிலேயே அவன் அப்படித்தான், காலில் ஆணி ஏறியதை வீடு வரும்வரை சொல்லவில்லை என்றாள். கொஞ்ச நேரத்தில் அவளும் சீலிங்கையே பார்க்க ஆரம்பித்தாள். "டேய், அந்த மூலை விட்டுப்போச்சுடா" என்றாள். சூப்பர்வைசர் முறைத்ததும், "இருக்கறதச் சொன்னேன்" என்றாள்.

பாதிக்கு மேல் வெளுத்துவிட்டது. ஜன்னல் பக்கம் வரும்போது ரோலரின் வேகம் குறைந்தது. அவர் கம்பை இடக்கைக்கு மாற்றினார். தோளை ஒருமுறை குலுக்கிக்கொண்டார். கண்ணைச் சுருக்கினார். விட்டுப்போன அந்த மூலைக்காகத் தலையை நன்றாகப் பின்னால் சாய்த்துத் திருப்பினார், அப்போதுதான் அது வந்தது.

"ஐயோ! அம்மா!"

ரோலர் பொத்தென்று விழுந்தது. பெயிண்டர் பின்கழுத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு குனிந்தார். தெருவுக்கே கேட்கிற மாதிரிக் கத்தினார்.

"வலிக்குதுடீ! ஐயோ, வலிக்குது!"

நாத்தனார் பதறி ஓடிவந்தாள். சூப்பர்வைசர் இருந்த இடத்திலேயே நின்றாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். கண்ணில் தண்ணீர் கொட்டிக்கொண்டே சிரித்தாள்.

"அடிப்பாவி! புருஷன் வலின்னு துடிக்கறான், நீ சிரிக்கறியே!"

"வலி திரும்பி வந்துடுச்சு அண்ணி! திரும்பி வருதுன்னா நடுவுல போயிருந்துச்சுன்னுதானே அர்த்தம்? போகாமலே இருந்த வலின்னா இப்படியா கத்துவாரு? அவரு கத்தி நீங்க கேட்டிருக்கீங்களா?"

நாத்தனாருக்கு அது விளங்க ஒரு நிமிஷம் ஆயிற்று. விளங்கியதும் அவளும் உட்கார்ந்துவிட்டாள்.

போன் அடித்தது. சூப்பர்வைசர் எடுத்து, "சிஸ்டர், வலிக்குது சிஸ்டர், நல்லா வலிக்குது!" என்று கத்தினாள். அந்தப் பக்கம் குழம்புவது கேட்டது. அவள் போனை ஸ்பீக்கரில் போட்டு, ஸ்டூலில் உட்கார்ந்திருந்த அவர் முகத்துக்கு நேராகப் பிடித்தாள். "நீங்களே சொல்லுங்க. ஒண்ணு விடாமச் சொல்லுங்க."

பெயிண்டர் எச்சில் விழுங்கினார். "சீலிங் அடிச்சேன் சிஸ்டர். பாதிக்கு மேல அடிச்சுட்டேன். எனக்குக் கழுத்துன்னு ஒண்ணு இருக்கறதே மறந்துபோச்சு. இப்ப கொஞ்ச நேரம் முன்னாலதான் ஒரு கடுகடுப்பு ஆரம்பிச்சுச்சு, அப்புறம் கொக்கி போட்டு இழுக்கற மாதிரி வந்துடுச்சு."

"ரொம்ப நல்லது ஐயா. நடுவுல பத்துக்கு எத்தனை இருந்துச்சு?"

"ஒண்ணு கூட இல்ல."

"இப்ப?"

"ஆறு இருக்கும். ஏறிக்கிட்டே இருக்கு."

"ஊசிக்கு முன்னாடி, நேத்து வரைக்கும்? ஏழுன்னு எழுதியிருக்கு."

அவர் மனைவியைப் பார்த்தார். பிறகு தரையில் சிந்திக் கிடந்த பெயிண்டைப் பார்த்தார். குரலை இறக்கிக்கொண்டு, "ஒம்போது சிஸ்டர்" என்றார். "சில ராத்திரி அதுக்கும் மேல."

டாக்டரிடம் சொல்கிறேன், அடுத்ததற்கு நாள் குறித்துக் கூப்பிடுகிறோம் என்று நர்ஸ் சொல்லிக்கொண்டிருந்தாள். சூப்பர்வைசருக்கு அது காதில் விழுந்தது, மனசில் ஏறவில்லை. ஏழு என்று கூட்டிச் சொல்லிவிட்டோமோ என்று உறுத்தியவள் அவள். பத்துக்கு ஒன்பது வலியோடு ஒருத்தர் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, என்னைத் தூங்க விடமாட்டீர்களா என்று சலித்துக்கொண்டு புரண்டு படுத்திருக்கிறாள். மூன்று வருஷமாக அவள் திட்டியதெல்லாம் அந்த ஒன்பதின் மேல்தான் விழுந்திருக்கிறது. சொல்லாமல் வைத்திருந்தவர்மேல் கோபமும் பொங்கியது, தன்மேல் வெறுப்பும் பொங்கியது. எதை முதலில் பார்ப்பது என்று தெரியவில்லை.

அவள் போனை வைத்துவிட்டு அவருக்குப் பின்னால் போய் நின்றாள். பிளாஸ்திரி படாமல் இரண்டு உள்ளங்கைகளையும் பின்மண்டைக்கு அடியில் கொடுத்துத் தாங்கினாள்.

"விடுங்க" என்றாள். "தலையை விடுங்க. நான் பிடிச்சுக்கறேன்."

அவர் முதலில் விடவில்லை. விறைப்பாகவே உட்கார்ந்திருந்தார். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தோள் தளர்ந்தது, தலை பின்னால் சாய்ந்தது, அதன் பாரம் முழுக்க அவள் கைக்கு வந்தது. நாத்தனார் சத்தம் போடாமல் ரோலரை எடுத்துப் பக்கெட்டில் வைத்தாள்.

"கனமா இருக்கா?" என்று கேட்டார் பெயிண்டர்.

"இருக்கு" என்றாள். "அப்படியே வைங்க."